ஓர் அச்சுப்பொறி, ஐந்து கணினிகள்: வன்னிப் பாடசாலை ஒன்றுக்கு எந்த இணைப்பு தாங்கும்?

முல்லைத்தீவு மாவட்டத்தில், பிரதான வீதியிலிருந்து கிரவல் பாதையில் சில கிலோமீற்றர் உள்ளே இருக்கும் ஒரு பாடசாலையின் அபிவிருத்திச் சங்கம், பழுதடைந்த அச்சுப்பொறிக்குப் பதிலாகப் புதியதொன்றை வாங்கப் பணம் சேர்த்துவிட்டு, எதை வாங்குவது, அதை எல்லாக் கணினிகளோடும் எப்படி இணைப்பது என்று என்னிடம் கேட்டது. அதிபர் அலுவலகத்தில் இரண்டு கணினிகள், அடுத்த அறையான ஆசிரியர் அறையில் ஒன்று, அதே கட்டடத்தின் மறுகோடியிலுள்ள நூலகத்தில் ஒன்று, மைதானத்துக்கு அப்பால் தனிக் கட்டடமாக இருக்கும் கணினி ஆய்வுகூடத்தில் பொறுப்பாசிரியருடையது ஒன்று என அச்சிட வேண்டியவை மொத்தம் ஐந்து. இதே நிலையில் வன்னியில் பல பாடசாலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் இருப்பதால், அவர்களுக்காக நான் எடைபோட்டுப் பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

இதுவரை அங்கே பென் டிரைவ்தான் வலையமைப்பாக இருந்தது. தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரம் நான் போயிருந்தபோது, தமிழ் ஆசிரியை ஒருவர் ஆசிரியர் அறையில் தட்டச்சுச் செய்த வினாத்தாளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். அங்கிருந்த கணினியில் பாமினி எழுத்துரு இல்லை. கோப்பைத் திறந்ததும் வினாத்தாள் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக விரிந்தது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையே பயன்படுவதால், எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல்லின் நடுவிலும் ஓர் அரைப்புள்ளி வந்து நிற்கும். எழுத்துருவைத் தேடிப் பதிந்து, குலைந்துபோன பக்க ஒழுங்கைச் சரிசெய்து, தாள் கைக்கு வருவதற்குள் ஒரு பாடவேளை முடிந்துவிட்டது. வலையமைப்பு வழியாக அச்சிடும்போது இந்தச் சிக்கல் எழுவதில்லை. பக்கம் தட்டச்சுச் செய்த கணினியிலேயே முழு உருவம் பெற்று, அந்த உருவமே அச்சுப்பொறிக்குப் போகிறது. எழுத்துரு அந்த ஒரு கணினியில் இருந்தால் போதும். ஆகவே வலையமைப்பு வேண்டுமா என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. எந்த வகை வலையமைப்பு என்பதே கேள்வி.

இதற்கு நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: ஒருவர் தமது மேசையிலிருந்து ஒரு பக்கத்தை அச்சிட வேண்டுமானால், அவருடைய கணினியையும் அச்சுப்பொறியையும் தவிர வேறு எத்தனை பொருட்கள் அந்த நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும்? கொழும்பிலே ஓர் அலுவலகத்துக்கு இது பெரிய விடயமாக இராது. திருத்துபவரை அழைத்துவர வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ ஆள் போக வேண்டிய இடத்தில், இடையில் நிற்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு நாள் வேலையை நிறுத்தக்கூடிய பொருளாகும்.

முதலாவது வழி பலரும் அறிந்தது. அச்சுப்பொறியை யூ.எஸ்.பி. வயரால் ஒரு கணினியில் பொருத்தி, விண்டோஸில் அதைப் பகிர்வுக்கு விட்டு, மற்றக் கணினிகளிலிருந்து அந்தக் கணினியின் பெயரைக் கொடுத்து இணைத்துக்கொள்வது. புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. வலையமைப்பு வசதியே இல்லாத அச்சுப்பொறிக்கும் பொருந்தும். நம் பக்கத்து அலுவலகங்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் கெனன் எல்.பி.பி. 2900 போன்ற யூ.எஸ்.பி. மட்டும் கொண்ட லேசர் அச்சுப்பொறிகளுக்குப் பெரும்பாலும் இதுவே வழி. ஒரே அறையில் இரண்டு கணினிகள் இருந்து, அதில் ஒன்று காலையிலிருந்து மாலைவரை இயங்குமானால் நான் வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐந்து கணினிகள் என்று வரும்போது கதை மாறுகிறது. அச்சுப்பொறி பொருத்தப்பட்ட கணினி விழித்திருக்க வேண்டும். அது உறக்க நிலைக்குப் போனாலும், எழுதுவினைஞர் விடுமுறையில் நின்று அலுவலகம் பூட்டியிருந்தாலும், நால்வரின் வேலை நிற்கும். அதன் விண்டோஸ் அந்த வலையமைப்பைத் ‘தனியார்’ வலையமைப்பாகக் கருத வேண்டும். ‘பொது’ வலையமைப்பு என்று குறித்துக்கொண்டால் வெளியிலிருந்து வரும் இணைப்புகளை விண்டோஸின் தடுப்புச் சுவர் (ஃபயர்வோல்) மறித்துவிடும். ரவுட்டரை மாற்றும்போது விண்டோஸ் அதைப் புதிய வலையமைப்பு என்று எண்ணிப் ‘பொது’ என்று குறித்துக்கொள்வது வழக்கம். எதையும் தொடாதிருந்தும் ஒரு காலையில் அச்சு வராமல் போவதற்கு நான் கண்ட காரணங்களில் இதுவே அதிகம்.

இன்னொரு சிக்கல் 2021இல் தொடங்கியது. அந்த ஆண்டு யூலையில், விண்டோஸின் அச்சு வரிசையைக் கையாளும் ‘பிரின்ட் ஸ்பூலர்’ என்ற பகுதியில் ‘பிரின்ட் நைற்மெயர்’ எனப் பெயரிடப்பட்ட பாரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. அதை அடைப்பதற்காக மைக்ரோசொப்ட் ஓகஸ்டில் வெளியிட்ட மாற்றத்தின்படி, பகிரப்பட்ட அச்சுப்பொறியின் டிரைவரை, அதாவது கணினியை அச்சுப்பொறியோடு பேசவைக்கும் மென்பொருளை, பதிவதற்கு நிர்வாகி உரிமை கட்டாயமாயிற்று. செப்டெம்பரில் வந்த இற்றைப்படுத்தலோடு, ஒன்றுக்கொன்று பொருந்தாத கணினிகளுக்கிடையே பகிர்வு அறுந்து, ‘11பி’ என்று முடியும் பிழைக் குறியீடு உலகெங்கும் தோன்றியது. பின்னர் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், புரோ வகைக் கணினிகள் கடவுச்சொல் இல்லாத ‘விருந்தினர்’ நுழைவை இயல்பாகவே மறுக்கத் தொடங்கின. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது.

இவையெல்லாம் நியாயமான பாதுகாப்பு மாற்றங்களே. ஆனால் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் இற்றைப்படுத்தப்பட்டால்தான் பகிர்வு சுமுகமாக நடக்கும். மாதாந்த டேட்டா முடிந்துவிடுமே என்று இற்றைப்படுத்தலை நிறுத்திவைத்திருக்கும் கணினி ஒன்றும், யாரோ வீட்டுக்குக் கொண்டுபோய் இற்றைப்படுத்திவந்த மடிக்கணினி ஒன்றும், நன்கொடையாக வந்த பழைய விண்டோஸ் 10 கணினி ஒன்றும் அருகருகே இருக்கும் இடத்தில் அந்த ஒழுங்கு வாய்ப்பதில்லை. பிழை வந்ததும், விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பெறுமதியை மாற்றிப் பாதுகாப்பைத் தளர்த்தும் வழியைச் சிலர் சொல்வார்கள். அது வேலை செய்யும்தான். அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறந்துவிட்டு அச்சிடுவதை நான் ஒரு பாடசாலைக்குச் செய்துகொடுக்க மாட்டேன்.

இரண்டாவது வழி, அச்சுப்பொறியை எந்தக் கணினியோடும் கட்டாமல், லான் வயரால் நேரே ரவுட்டரில் அல்லது சுவிச்சில் (பல லான் வயர்களை ஒன்றுசேர்க்கும் பெட்டியில்) பொருத்துவது. அப்போது அச்சுப்பொறிக்கே ஓர் ஐ.பி. முகவரி, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் இலக்கத் தொடர், கிடைக்கிறது, ஒவ்வொரு கணினியும் பெரும்பாலும் 9100 என்ற இலக்கமுள்ள போர்ட் (மென்பொருள் வாசல்) வழியாக, அல்லது அச்சிடுவதற்கான பொது நெறிமுறையான ஐ.பி.பி.க்குரிய 631 வழியாக, நேரே அதனிடம் பேசுகிறது. இடையில் நிற்பது ரவுட்டர் ஒன்றே. மேலே சொன்ன பகிர்வுத் தகராறுகளில் ஒன்றுகூட இங்கே இல்லை. கணினியிலிருந்து வெளியே போகும் இணைப்பை விண்டோஸின் தடுப்புச் சுவர் இயல்பாக மறிப்பதில்லை என்பதால், ‘பொது’, ‘தனியார்’ என்ற குறியீடு எதுவாக இருந்தாலும் அச்சு போகும். யார் கணினியை அணைத்தாலும் மற்றவருக்குப் பாதிப்பில்லை.

இந்த வழிக்கு எதிராக எல்லோரும் சொல்லும் குறை, ‘அச்சுப்பொறி ஓஃப்லைன்’ என்று திடீரென வருவது. அதற்குப் பெரும்பாலும் காரணம் முகவரி மாறுவதே. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் முகவரியைக் குறித்த காலத்துக்கு மட்டுமே கொடுக்கிறது. மின்வெட்டு முடிந்து எல்லாம் ஒன்றாக எழும்போது, நேற்று 192.168.1.50 ஆக இருந்த அச்சுப்பொறி இன்று 53 ஆக எழலாம். கணினி இன்னும் 50இன் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்த அச்சுப்பொறியின் மேக் முகவரியை (தொழிற்சாலையில் அதற்கு இடப்பட்ட அடையாள எண்ணை) கொடுத்து ஒரே ஐ.பி. முகவரியை ஒதுக்கிவிட்டால் இது நிற்கும். கணினியில் சேர்க்கும்போதும், விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துத் தருவதை ஏற்காமல், ‘டி.சி.பி. ஐ.பி. முகவரி மூலம் சேர்’ என்பதைத் தெரிந்து அந்த முகவரியைக் கையால் எழுதுவது நல்லது. தானியங்கித் தேடல் அமைக்கும் டபிள்யூ.எஸ்.டி. போர்ட், அச்சுப்பொறி தூங்கி எழும்போது அதைத் தொலைத்துவிடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். முகவரி சரியாக இருந்தும் ‘ஓஃப்லைன்’ என்றே காட்டினால், அந்தப் போர்ட்டின் அமைப்பில் ‘எஸ்.என்.எம்.பி. நிலை’ என்பதன் (அச்சுப்பொறியின் நிலையை விசாரிக்கும் வசதியின்) குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

வன்னியில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. இங்கே பல இடங்களில் ரவுட்டர் என்பது சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான். சிக்னல் எந்த யன்னலோரம் கிடைக்கிறதோ அங்கே அது வைக்கப்படுகிறது. ஒரு நிறுவனத்தின் சிக்னல் குறைந்தால் வேறொரு நிறுவனத்தின் ரவுட்டர் வருகிறது. ஒன்று 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தால் மற்றது 192.168.8 என்று கொடுக்கும். ஒதுக்கி வைத்த முகவரியும் பழைய ரவுட்டரோடு போய்விடும். ஆகவே வலையமைப்புக்கென்று தனியாக ஒரு சிறிய சாதாரண ரவுட்டரை வாங்கி, அச்சுப்பொறியையும் கணினிகளையும் அதில் பொருத்தி, சிம் ரவுட்டரிலிருந்து ஒரு வயரை மட்டும் அதன் இணையத் துளைக்குக் கொடுக்கச் சொன்னேன். உள்ளே இருக்கும் முகவரித் தொடரை வெளியிலிருந்து வரும் தொடரோடு மோதாததாக வைத்துவிட்டால், சிம் ரவுட்டர் எத்தனை தடவை மாறினாலும் அச்சு வலையமைப்பு அப்படியே இருக்கும். மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு இதற்குப் போகிறது. மிகப் பெரிய நிம்மதியும் இதிலிருந்தே வருகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் அகற்ற வேண்டும். டேட்டா முடிந்தால் வலையமைப்பு அச்சுப்பொறி நின்றுவிடும் என்று அந்தச் சங்கத்தில் ஒருவர் உறுதியாக நம்பினார். உள்ளக வலையமைப்புக்கு இணையம் தேவையில்லை. சிம்மைக் கழற்றி வைத்தாலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை வினாத்தாள் மேசையிலிருந்து அச்சுப்பொறிக்குப் போகும்.

மூன்றாவது வழியான வைஃபை, முகவரி, போர்ட் என்பவற்றில் இரண்டாவதின் உடன்பிறப்பே. வயர் மட்டும் இல்லை. வயர் இல்லாமை கவர்ச்சியானது. ஆயினும் மலிவு விலை அச்சுப்பொறிகள் பலவற்றில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே உண்டு. 5 கிகாஹேர்ட்ஸ் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு அச்சுப்பொறி அதைக் காணவில்லையே என்று மணித்தியாலக் கணக்கில் தேடியவர்களை அறிவேன். வைஃபை கடவுச்சொல்லை யாராவது மாற்றினால் அச்சுப்பொறியின் சிறு திரையில் எழுத்தெழுத்தாக மீண்டும் கொடுக்க வேண்டும். ‘விருந்தினர்’ வைஃபையில் சேர்ந்த கருவி மற்றக் கருவிகளைப் பார்க்கவே முடியாது. ஆகவே அச்சுப்பொறி ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருக்குமானால் அதை வயரிலே இணைத்துவிட்டு, தூரத்திலுள்ள கணினிகளும் கைபேசிகளும் வைஃபையில் வரட்டும் என்பதே என் தீர்மானம். அசையாத பொருளுக்கு வயர், அசையும் பொருளுக்கு வைஃபை.

கைபேசி என்று சொன்னது தற்செயலாக அல்ல. இன்று ஆசிரியர்களுக்கு வரும் சுற்றுநிருபமும் மாதிரி வினாத்தாளும் வட்ஸ்அப்பில் பி.டி.எஃப். கோப்பாகவே வருகின்றன. விண்டோஸ் பகிர்வுக்கு விட்ட யூ.எஸ்.பி. அச்சுப்பொறியைக் கைபேசி நேரே பயன்படுத்த முடியாது. வலையமைப்பில் நேரடியாக நிற்கும், கைபேசியிலிருந்து அச்சிடலாம் என்பதைக் காட்டும் மோப்ரியா அல்லது ஏர்பிரின்ட் குறியுள்ள அச்சுப்பொறியை, அன்ரொயிட் 8க்குப் பின்வந்த கைபேசிகள் பெரும்பாலானவையும் ஐபோனும் தனி டிரைவர் எதுவுமின்றிக் கண்டுகொள்ளும். வாங்கும்போது பெட்டியில் அந்தக் குறிகளைத் தேடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உற்பத்தியாளர்களின் தனித்தனி டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிட்டு, ஐ.பி.பி. வழியான பொது டிரைவரை நோக்கி நகர்வதாக மைக்ரோசொப்ட் 2023 செப்டெம்பரில் அறிவித்தது. பத்து ஆண்டு உழைக்க வேண்டும் என்று வாங்கும் பொருள் அந்தப் பாதையில் நிற்பதாக இருக்க வேண்டும்.

இனி மைதானத்துக்கு அப்பாலுள்ள ஆய்வுகூடம். சாதாரண லான் வயர் 100 மீற்றர் வரை தாங்கும். இடைவெளி அதற்குள்தான் இருந்தது. ‘குழாய் தாட்டு வயரை இழுத்துவிடுவோம், ஆட்களை நாங்கள் தருகிறோம்’ என்று பெற்றோர் முன்வந்தார்கள். நான் மறுத்தேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் இதையே நானே செய்திருக்கிறேன்: இரண்டு கட்டடங்களுக்கிடையே செப்பு வயரை இழுத்து, வேலை நேர்த்தியாக முடிந்தது என்று மகிழ்ந்து திரும்பினேன். அடுத்து வந்த ஐப்பசி மாதத்து மாலை இடிமழையொன்றில், இரு கட்டடங்களுக்கும் நடுவே நின்ற பனையில் மின்னல் இறங்கியது. மறுநாள் போய்ப் பார்த்தபோது பனையின் வட்டு கருகி நின்றது; சுவிச்சும், அச்சுப்பொறியின் லான் துளையும், அந்த வயரில் தொடுத்திருந்த கணினியின் தாய்ப்பலகையும் செத்திருந்தன. நேரடியாக அடிபடாத வயரிலும் அருகில் இறங்கும் மின்னல் மின்னழுத்தத்தைத் தூண்டும். இரண்டு கட்டடங்களின் நில இணைப்புகளுக்கிடையே தோன்றும் வேறுபாடும் அந்த வயரையே பாதையாகக் கொள்ளும். அந்த நட்டத்துக்கு நான்தான் பொறுப்பு. பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் பிற்பகல்தோறும் இடி முழங்கும் இந்த வெட்டவெளி நிலத்தில், கட்டடத்துக்குக் கட்டடம் செப்பு வயர் இழுக்கவே கூடாது என்று அன்று முதல் சொல்லிவருகிறேன். கண்ணாடி இழை வயர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அது பாதுகாப்பானது. அதற்குப் பணம் போதாவிட்டால், ஒன்றையொன்று நோக்கும் ஒரு சோடி வெளிப்புற வைஃபைப் பெட்டிகள் போதும். இடையே மரம் மறைக்காத மைதானமாக இருந்ததால், இந்தப் பாடசாலைக்குப் பின்னையதைத் தெரிந்தோம்.

நான்காவது வழியொன்றும் உண்டு: ஒரு சிறு கணினியை அச்சுச் சேவையகமாக வைப்பது. ராஸ்பெரி பை போன்ற சில வாட் மட்டுமே உண்ணும் பலகையில், 1999இல் வெளிவந்து இன்று லினக்ஸ் கணினிகளிலும் அப்பிளின் மேக் கணினிகளிலும் அச்சை நடத்தும் ‘கப்ஸ்’ மென்பொருளைப் பதிந்தால், பழைய யூ.எஸ்.பி. அச்சுப்பொறியும் வலையமைப்பு அச்சுப்பொறியாகிவிடும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஆனாலும் நான் இதை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. திடீர் மின்வெட்டுகளில் அதன் நினைவட்டை பழுதாகலாம்; அதைவிட, அதைப் புரிந்துகொண்ட ஓர் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால், அடுத்து வருபவருக்கு அது மேசையில் கிடக்கும் ஒரு பெட்டி மட்டுமே. சில ரவுட்டர்களின் யூ.எஸ்.பி. துளையிலும் அச்சுப்பொறியைப் பொருத்தலாம் என்றாலும், கணினியின் டிரைவரையே முழுமையாக நம்பியிருக்கும் மலிவு லேசர் பொறிகள் அதில் ஒழுங்காக நடப்பதில்லை. எச்.பி. லேசர்ஜெட் 1020 ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தனது உள் மென்பொருளையே கணினியிடமிருந்து பெற்றுக்கொள்வது.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இங்கே எந்த ஒப்பீடும் நிறைவு பெறாது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றதை யாரும் மறக்கவில்லை. இப்போதும் மழைக்காலத்தில் கொப்பு முறிந்து கம்பியில் விழுந்தால் அரைநாள் போய்விடும். லேசர் அச்சுப்பொறி தூள் மையைச் சூட்டினால் தாளில் உருக்கி ஒட்டுகிறது. அந்தச் சூட்டுக்கு அது ஒரே மூச்சில் இழுக்கும் பல நூறு வாட்டை, கணினிக்கென்று வைத்திருக்கும் 650 வி.ஏ. யூ.பி.எஸ். தாங்காது, அதில் பொருத்தவே கூடாது. மைத்தாங்கி வகை இங்க்ஜெட் பொறிக்குச் சில பத்து வாட் போதும் என்பதால் மின்வெட்டிலும் யூ.பி.எஸ்.ஸில் ஓடும். ஆனால் ஓகஸ்ட் விடுமுறையில், சோளகக் காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டும் வெக்கையில், வாரக்கணக்கில் அச்சிடாமல் கிடந்தால் அதன் மைத்துளைகள் காய்ந்து அடைபடும். நீண்ட விடுமுறையும், விடுமுறைக்கு முன்னே குவியும் பரீட்சை வேலையும் உள்ள பாடசாலைக்கு நான் லேசரையே சொன்னேன். நாளாந்தம் பற்றுச்சீட்டு அச்சிடும் கூட்டுறவுச் சங்கமாக இருந்தால் மைத்தாங்கி வகையைச் சொல்லியிருப்பேன். எதுவானாலும் ரவுட்டருக்கென்று 12 வோல்ற்றுச் சிறு யூ.பி.எஸ். ஒன்றை வாங்கிவிட வேண்டும்.

இரகசியத்தன்மை என்ற ஒன்றில் மட்டும் முதலாவது வழி உண்மையாகவே மேலானது. கணினி வழியாகப் பகிரும்போது இன்னார் அச்சிடலாம், இன்னார் கூடாது என்று பயனர் வாரியாக உரிமை கொடுக்கலாம். யார் எத்தனை பக்கம் எடுத்தார்கள் என்ற பதிவையும் அந்தக் கணினியில் வைத்திருக்கலாம். நேரடி இணைப்பில், வலையமைப்புக்குள் வந்த எவரும் அச்சிடலாம். பரீட்சைக்கு முன் வினாத்தாள் பொதுத் தட்டில் வந்து விழுவதும் அதிபருக்குக் கவலையாக இருந்தது. ஆகவே இலக்கம் கொடுத்த பின்னரே தாளை வெளிவிடும் வசதியுள்ள மாதிரியைத் தெரிந்து, அதை அதிபர் அலுவலகத்தில் வைத்தோம். மாணவர்கள் பயன்படுத்தும் ஆய்வுகூடக் கணினிகளைத் தனி வலையமைப்பாக விட்டு, பொறுப்பாசிரியரின் கணினியை மட்டும் வெளிப்புறப் பெட்டி வழியாக இணைத்தோம். அச்சுப்பொறியின் சொந்த அமைப்புப் பக்கத்துக்குத் தொழிற்சாலையிலிருந்து வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றினோம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இறுதியில் வாங்கியது, லான் துளையும் வைஃபையும் இருபக்க அச்சும் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளை லேசர் பொறி. அதன் தாள் தட்டுக் கதவின் உட்புறத்தில் ஓர் அட்டையை ஒட்டி, ஒதுக்கிய ஐ.பி. முகவரி, மேக் முகவரி, டோனரின் இலக்கம், கணினியில் புதிதாகச் சேர்க்கும் முறை ஆகியவற்றைத் தமிழில் ஐந்து வரிகளாக எழுதிவைத்தோம். அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல் மட்டும் அதில் இல்லை. அது அதிபரின் அலுமாரியில் உறையிட்டு இருக்கிறது. அடுத்த கிழமை நூலகப் பொறுப்பாசிரியை அந்த அட்டையைப் பார்த்துத் தமது கணினியைத் தாமே இணைத்துவிட்டு, முதல் தாளாகப் புதிய நூல்களின் பட்டியலை அச்சிட்டார்; பாமினியில் தட்டச்சிய எழுத்துகள் ஒன்றும் மாறவில்லை.